இருபத்தேழுக்குச் சற்றுக் கீழே

எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு இருபத்தைந்து வயது ஆனதையொட்டி ஒரு விழா மலர் போட்டார்கள். துறைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரைப் பற்றி உடன் வேலை செய்பவர் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் துறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அற்புதம். எழுத வேண்டியவள் லோகப்பிரியாவாகிய நான். எழுதிக் கொடுத்தேன், அச்சாகி எல்லார் மேசைக்கும் வந்துவிட்டது. அதில் இடம் போதாமல் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். இடம் போதவில்லை என்பது பாதிதான் உண்மை. மீதியைக் கொடுத்திருந்தாலும் மலரில் போட்டிருக்க மாட்டார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அற்புதத்தைப் பிடிக்காது. பதினோரு வருடமாகப் பிடிக்காது. நேரில் அக்கா என்பேன், மனதுக்குள் அவள்தான். இதிலும் அவள் என்றே எழுதப்போகிறேன். ஏன் பிடிக்காது என்று கேட்டால் பொறாமை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். என் கணவர் வேலன் அப்படித்தான் முடித்துவைப்பார். ஆனால் ஒரே வார்த்தையில் முடிகிற சமாச்சாரமாக இருந்தால் பதினோரு வருடம் தாங்காது.

அவள் பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர் புலியகுளத்தில், மாதா கோயில் மணி காதில் விழும் தூரத்தில். அப்பா ஃபவுண்டரியில் வார்ப்படம் போட்டவர். பன்னிரண்டாவது முடித்ததும் ரத்தப் பரிசோதனைக்கான டிப்ளமோ படித்தாள். பிறகு ஒரு மருத்துவமனையின் ரத்த வங்கியில் ஒன்பது வருடம். கணவர் அந்தோணிராஜ் டவுன் பஸ் டிரைவர், அதிகம் பேசாதவர். ஒரே மகள் ஜெனிஷா நர்சிங் படிக்கிறாள். ரத்த வங்கியில் இருந்த காலத்தில், பச்சைக் குழந்தைக்கு ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் வார்டில் திணறினால் அற்புதத்தைத்தான் ஆளனுப்பிக் கூப்பிடுவார்களாம், ஒரே குத்தில் எடுத்துவிடுவாளாம். இதை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் துறைத் தலைவர் அரங்கசாமி சார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

நான் பெருந்துறைக்காரி. உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. வகுப்பில் இரண்டாவது இடம். அந்த இரண்டாவது என்பதை யாரும் கேட்காமலே நான் சொல்லிக்கொண்டிருப்பேன். முதலாவது வந்தவள் இப்போது கனடாவில் இருக்கிறாள், அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. தூரத்தில் இருப்பவர்கள் மேல் எனக்குப் பொறாமை வருவதில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் மேல்தான் வரும்.

என் மகன் பிறந்தபோது ஆறு மாதம் விடுப்பு எடுத்தேன். அந்த ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக வந்தவள்தான் அற்புதம். திரும்பி வந்து பார்த்தால் என் மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். துளி அளக்கும் என் பிப்பெட்டுகளில் நான் சுற்றி வைத்திருந்த நீல டேப்பை எடுக்காமல், அதற்கு மேலேயே சிவப்பு டேப் சுற்றியிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, இது உங்க எடமுங்க அம்மணி என்று சொல்லி, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த சின்ன மேசைக்குப் போய்விட்டாள். அம்மணி என்பது எங்கள் அம்மா என்னைக் கூப்பிடும் பேர். புலியகுளத்துக்காரி அதை எடுத்துக்கொண்டது எனக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. அதைவிடப் பிடிக்காதது, அவளுக்குக் கொடுத்த ஆறு மாதம் முடிந்தும் சார் அவளை அனுப்பவில்லை என்பது.

அனுப்பாததற்குக் காரணம் அவள் கை. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது, ஆகவே எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

செல் ஒன்று இரண்டாகப் பிரியக் கிளம்பும்போது, பொறு என்று தடுத்து நிறுத்தும் புரதம் ஒன்று நம் உடம்பில் உண்டு. பெயர் பி27. இருபத்தேழு என்பது அதன் எடை, புரதங்களுக்கென்று இருக்கும் ஓர் அளவில். பல புற்றுநோய்ச் செல்களில் இந்தத் தடுப்பு குறைந்துபோயிருக்கும். ஏன் குறைகிறது, எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதுதான் எங்கள் துறையின் பிழைப்பு. ஆயிரக்கணக்கான புரதங்களுக்கு நடுவில் இந்த ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் ஆண்டிபாடி. ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் பொருள் அது, முயல், எலி போன்ற பிராணிகளிடமிருந்து எடுப்பது. செல்லை நசுக்கிச் சாறெடுத்து, ஜெல் என்கிற கூழ்த் தகட்டின் மேல்விளிம்பில் இருக்கும் குழிகளில் விட்டு, மின்சாரம் பாய்ச்சினால் புரதங்கள் எடை வாரியாகப் பிரிந்து இறங்கும். பிறகு அவற்றை மெம்பிரேன் என்ற வெள்ளைத் தாளுக்கு மாற்றுவோம். அந்தத் தாளை ஆண்டிபாடியில் ஊறவைத்தால் அது பி27ஐத் தேடிப் பிடிக்கும். பிடித்த இடத்தைக் காட்ட ஒளிவிடும் இரண்டாவது ஆண்டிபாடி. கடைசியில் இருட்டுப் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்தால், இருபத்தேழு என்ற இடத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். இந்தப் படத்துக்கு பிளாட் என்று பெயர். அந்தக் கோட்டுக்காகத்தான் நாங்கள் சம்பளம் வாங்குகிறோம்.

அற்புதத்தின் கோடுகள் பளிச்சென்று விழும். சுற்றிலும் ஒரு புள்ளி அழுக்கு இருக்காது. என்னுடையதில் கோடும் இருக்கும், கூடவே மேகமும் இருக்கும். அதே ஜெல், அதே தாள், அதே ஆண்டிபாடி. ஆண்டிபாடியோ வெளிநாட்டிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் ட்ரை ஐஸுக்கு நடுவில் ஆறு வாரம் கழித்து வந்து சேர்கிற சரக்கு. குழாய்க்குள் இருப்பது இரண்டு மூன்று சொட்டு. அதைக் கரைத்து, ஒரு தடவை பயன்படுத்தியதையே எடுத்து வைத்து மூன்று நான்கு தடவை ஓட்டுவோம். நான் மூன்றாவது தடவை ஓட்டினால் மங்கிப்போகும். அவள் ஐந்தாவது தடவை ஓட்டினாலும் விழும். எப்படி என்று ஒளிந்து நின்றுகூடப் பார்த்திருக்கிறேன். ஊறுகாய்ப் பாக்கெட் ஒட்டுகிற மெஷினைப்போல ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்து, தாளை ஆண்டிபாடியோடு சின்ன பிளாஸ்டிக் உறைக்குள் காற்றில்லாமல் வைத்து ஒட்டுவாள். நானும் அதையே செய்து பார்த்தேன், என் உறை ஒழுகியது.

அவளிடம் எனக்குச் சிரிப்பு வரவைத்த பழக்கம் ஒன்று இருந்தது. எந்த ஜெல் ஓட்டினாலும் ஒரு குழியில் செல் சாறு விட மாட்டாள். மற்றதெல்லாம் சேர்த்து, சாற்றை மட்டும் சேர்க்காமல், வெறும் குழாய் ஒன்று தயார் செய்து அதையும் ஓட்டுவாள். ரத்த வங்கியில் அப்படிப் பழகியவளாம். அங்கே ரத்தமே இல்லாத குழாய் ஒன்று பக்கத்தில் இருந்தால்தான் ரத்தம் இருக்கும் குழாயை நம்புவார்களாம். பத்துக் குழி ஜெல்லில் ஒன்றை ஒன்றுமில்லாததற்குக் கொடுக்கிறாளே என்று மௌனிகாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். மௌனிகா எங்கள் ஆராய்ச்சி மாணவி, யார் சொன்னாலும் சிரிக்கிற பெண்.

என்னிடமும் ஒன்று இருந்தது, இல்லாமல் இல்லை. வெளியிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வந்தால் ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்ல சார் என்னைத்தான் கூப்பிடுவார். நான் கோட்டைக் காட்டிப் பேசுவேன், அவர்கள் தலையாட்டுவார்கள். அது யார் ஓட்டிய ஜெல் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அற்புதம் எங்கே நின்றாள் என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆடி மாதம் என்று நினைவு, எனக்கும் ஒரு காலம் வந்தது. பி27 சும்மா நின்று தடுப்பதில்லை. செல்லைப் பிரியத் தூண்டும் இன்னொரு புரதத்தைப் போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டுதான் தடுக்கும். எங்கள் செல்களில் அப்படிப் பிடிக்கிறதா என்பது சாரின் கேள்வி. தூண்டும் புரதத்தை அதற்கான ஆண்டிபாடியால் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்ததை ஜெல்லில் ஓட்டி, பி27 கூடவே வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் ஓட்டினேன். இருபத்தேழில் கோடு விழுந்தது, கனமாக, கறுப்பாக, மேகமே இல்லாமல். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். நல்லா வந்திருக்குதுங்கம்மா, கட்டுரையில உங்க பேரையும் போட்டரலாம் என்றார்.

எங்களைப்போன்ற டெக்னீஷியன்களுக்கு ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் வராது. கடைசியில் நன்றி சொல்லும் வரியில்தான் வரும், வெயிலில் பந்தல் போட்டவருக்கு நன்றி சொல்வதைப்போல. எழுதியவர்கள் பட்டியலில் பெயர் வருவது வேறு. அது எங்கே போனாலும் கூடவே வரும், நாளைக்கு என் மகன் கம்ப்யூட்டரில் தேடினாலும் கிடைக்கும். நான் அவிநாசிக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். பெருந்துறையில் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னேன்.

மூன்றாவது வாரம் அந்த வேலையை சார் அற்புதத்திடம் கொடுத்துவிட்டார். இன்னொரு தடவை செஞ்சு பார்த்தரலாமுங்க, வேற கையி செஞ்சா நல்லது என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவள் செய்தாள். போன வருடம் கட்டுரை வந்தபோது இழுத்துப் பார்த்த பிளாட் நான்காவது படமாக இருந்தது, அது அவளுடையது. எழுதியவர்கள்: மௌனிகா, அற்புதம், அரங்கசாமி. நன்றி வரியில் லோகப்பிரியா.

அந்த ஒரு வருடம் நான் எப்படி இருந்தேன் என்று வேலனைத்தான் கேட்க வேண்டும். கணபதியில் பம்ப் கம்பெனியில் வேலை அவருக்கு, சத்தத்துக்குப் பழகிய மனிதர். அவரே ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நம்மூட்டுல நாம மூணு பேரா, இல்ல அற்புதத்தோட சேத்து நாலு பேரா என்று கேட்டார். நானோ, சார் அவளிடம் எத்தனை தடவை நல்லது என்றார், என்னிடம் எத்தனை தடவை என்றார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் கட்டிவந்த புதுச் சேலை, அவள் மகளுக்குக் கிடைத்த சீட், அவள் டிபன் பாக்ஸிலிருந்து வந்த மீன் குழம்பு வாசனை, எல்லாமே என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதாகத் தோன்றும். என் கோட்டை எடுத்துக்கொண்டவள் வேறு எதை விட்டுவைப்பாள்?

இந்த வருடம் மாசியில் அவிநாசி சாலையில் இருக்கும் ஒரு கல்லூரியில் இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஓர் அம்மா ஆண்டிபாடியால் வரும் தப்புகளைப் பற்றிப் பேசினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்பதால் பாதிப்பேர் தூக்கத்தில் இருந்தார்கள். அவர் ஒரு படத்தைக் காட்டினார். இழுத்துப் பிடிக்கும் வேலையில், பிடிக்கப் பயன்படுத்திய ஆண்டிபாடியும் சாற்றோடு சேர்ந்து ஜெல்லுக்கு வந்துவிடுகிறது. கொதிக்கவைக்கும்போது அது துண்டாகிறது. சின்னத் துண்டின் எடை இருபத்தைந்து. பிடித்த ஆண்டிபாடியும் பார்க்கிற ஆண்டிபாடியும் ஒரே பிராணியிலிருந்து வந்திருந்தால், அந்தப் பிராணியின் ஆண்டிபாடி எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்கிற, ஒளிவிடும் இரண்டாவது ஆண்டிபாடி இந்தத் துண்டையும் பிடித்துக் காட்டிவிடும். இருபத்தைந்துக்குப் பக்கத்தில் உங்கள் புரதம் இருந்தால், நீங்கள் பார்ப்பது உங்கள் புரதத்தை அல்ல, நீங்கள் உள்ளே விட்ட ஆண்டிபாடியைத்தான் என்றார்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் ஃப்ரீசரில் இருந்த இரண்டு ஆண்டிபாடிகளும் முயலிலிருந்து வந்தவை. பி27 இருபத்தேழு. இருபத்தைந்தும் இருபத்தேழும் எங்கள் ஜெல்லில் நூலளவு தூரம்கூட இல்லை. அப்படியானால் அந்த நான்காவது படம் பொய். அற்புதத்தின் கோடு பி27 இல்லை, முயல்.

அவளுடையது பொய்யென்றால் என்னுடையதும் பொய்தான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என்னுடையது என் அலமாரியில் கிடந்தது. அவளுடையது அச்சில், பெயரோடு இருந்தது. இரண்டும் சேர்ந்து விழட்டும், நான் ஏற்கெனவே தரையில்தானே கிடக்கிறேன் என்று கணக்குப் போட்டேன். அன்று பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

கையில் அத்தாட்சி வேண்டும். பெரிய வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். அன்றைக்கு நிலையம் விடுமுறை, அற்புதம் எக்காரணம் கொண்டும் வரமாட்டாள், புலியகுளத்தில் சிலுவைப்பாதை வழிபாட்டில் நின்றுகொண்டிருப்பாள். வியாழன் சாயங்காலமே இரண்டு குழாய் தயார் செய்து குளிர் அறையில் சுழலவிட்டேன். ஒன்றில் செல் சாறு, முயல் ஆண்டிபாடி, எல்லாம். இன்னொன்றில் முயல் ஆண்டிபாடி மட்டும், செல் சாறு கிடையாது. ஆமாம், அவளுடைய வெறும் குழாய்தான். அவளிடமிருந்து கற்றதை வைத்தே அவளைப் பிடிக்கிறேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். மனது உறுத்தியது என்று எழுதினால் பொய், உறுத்தவே இல்லை. வெள்ளி மதியம் மூன்று மணிக்குப் படம் எடுத்தேன். இரண்டு குழியிலும் கோடு. செல்லே இல்லாத குழியிலும் அதே கனம், அதே கறுப்பு.

திங்கட்கிழமை சார் காபி குடித்து முடிக்கும்வரை காத்திருந்து அவர் அறைக்குள் போனேன். படத்தை மேசைமேல் வைத்தேன். சொல்ல வேண்டியதை இரண்டு நாளாக வீட்டில் சொல்லிப் பார்த்திருந்தேன். இழுத்துப் பார்த்த பிளாட்டில் இருப்பது பி27 இல்லீங்க சார், ஆண்டிபாடியோட துண்டுங்க, வெறும் குழியிலயும் வருதுங்க என்றேன். அற்புதத்தின் பெயரைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

சார் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். நான் பயந்துவிட்டேன்.

"ரெண்டு வருசம் கழிச்சு, நீங்களே செஞ்சு பார்த்து, உங்க தப்ப நீங்களே வந்து சொல்றீங்க பாருங்க. இது எத்தனை பேருக்கு வருமுங்கம்மா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அலமாரியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தார். சிவப்பு டேப் ஒட்டிய நோட்டு. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதப் பக்கம். அதில் நான் வெள்ளிக்கிழமை எடுத்த அதே படம் ஒட்டியிருந்தது. இரண்டு குழி, இரண்டிலும் கோடு. அடியில் கொட்டை எழுத்தில், லோகா மேடம் முறைப்படி செய்தது, வெறும் குழாயிலும் வருகிறது, பி27 அல்ல, என்று எழுதியிருந்தாள். அடுத்த பக்கத்தில் அவளுடைய முறை. இழுப்பதற்கு முயல் ஆண்டிபாடி, பார்ப்பதற்கு எலியிலிருந்து எடுத்த ஆண்டிபாடி. எலி ஆண்டிபாடியைப் பக்கத்துத் துறையில் போய்க் கேட்டு வாங்கியிருக்கிறாள். இரண்டு பிராணி என்றால் முயல் துண்டு தெரியாது. வெறும் குழியில் ஒன்றுமே இல்லை, வெள்ளை. சாறு இருந்த குழியில் மெல்லியதாக, சுத்தமாக, இருபத்தேழில் ஒரு கோடு. நான்காவது படம் அதுதான். நான் கட்டுரையைப் படித்த அன்றைக்கு அந்தப் படத்தின் கீழே இருந்த சின்ன எழுத்தைப் படிக்கவில்லை, பெயர்ப் பட்டியலை மட்டும் படித்தேன்.

சார் சொல்லிக்கொண்டே போனார். அப்பவே அற்புதம் வந்து சொல்லிட்டாங்க, ஆனா உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, மனசு சங்கடப்படுவீங்களாம், இப்படிப்பட்டவங்க இருக்கறது நம்ம துறைக்கே பெருமைங்க என்றார். அதோடு விட்டாரா? மலருக்கு அற்புதத்தைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். நான் சரிங்க சார் என்றேன். என் தப்பை ஒப்புக்கொள்ள வரவில்லை, அவள் தப்பைக் காட்ட வந்தேன் என்று நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரு மாதம் நான் பட்ட பாட்டுக்கு முந்தைய பதினோரு வருடம் தேவலை. அவள் கை என் கையைவிட நல்ல கை என்பதை எப்படியோ விழுங்கி வைத்திருந்தேன். கை என்பது வரம், எனக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான் என்று சமாதானம் இருந்தது. இப்போது மனதும் அவளுக்குத்தான் பெரிது என்றால் எனக்கு என்ன மிச்சம்? அவள் என்னைப் பார்த்து வணக்கமுங்க அம்மணி என்று சொல்லும்போதெல்லாம், இரண்டு வருடமாக என்னைப் பார்த்துப் பாவப்பட்டுக்கொண்டிருந்தாளே என்று உடம்பு எரியும். கெட்டவளைப் பார்த்துப் பொறாமைப்படுவதில் ஒரு சுகம் உண்டு. நல்லவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் அந்தச் சுகமும் போய்விடுகிறது.

எழுத வேண்டிய பக்கத்தை எழுதினேன். புலியகுளம், ரத்த வங்கி, பச்சைக் குழந்தையின் நரம்பு எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்தேன்: உடன் பணிபுரிபவரின் பிழையைக் கண்டும், அவர் மனம் நோகக் கூடாதென்று வெளியில் சொல்லாமல் காத்த பெருந்தன்மை இவருடையது. அந்த வரியை எழுதிய கையைப் போய்க் கழுவிவிட்டு வந்தேன். அந்த வரிதான் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை.

அச்சுக்குப் போகுமுன் சம்பந்தப்பட்டவரிடம் காட்ட வேண்டும் என்று விதி. மதியம் கேன்டீனில் அவள் எதிரில் தாளை வைத்தேன். அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"ஏனுங் அம்மணி, இந்தக் கடைசி வரிய எடுத்துப்போடுங்க" என்றாள்.

தன்னடக்கம் வேறு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சார் எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க்கா, உண்மையைத்தானே எழுதியிருக்கேன் என்றேன்.

"உண்மை இல்லீங்க." அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்க மனசு நோகும்னெல்லாம் நான் நெனைக்கவே இல்லீங்க. அது சாருக்குச் சொன்னது. உங்ககிட்டச் சொல்லியிருந்தா என்னாகும்? நீங்க எம்.எஸ்சி. படிச்சவங்க, ரெண்டே நாள்ல சரியாச் செஞ்சுபோட்டிருப்பீங்க. அப்பறம் எம்பேரு எங்கிருந்துங்க வரும்?"

அவள் நிறுத்தவில்லை. யாராவது பெரியவர்கள் வந்தால் சார் கூப்பிடுவது தன்னை இல்லை, என்னைத்தான் என்றாள். தான் ஓட்டிய ஜெல்லைக் காட்டி நான் ஆங்கிலத்தில் பேசும்போது, தான் தொட்டிப் பக்கம் நின்று கழுவின கையையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பாளாம். ஒரு தடவையாவது தன் பெயர் எனக்கு மேலே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாளாம். நான் கோட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அன்று, வெறும் குழாய் வைக்காமல் ஓட்டினதைக் கவனித்துவிட்டு, நான் வீட்டுக்குப் போன பிறகு தானே அதைச் செய்து பார்த்தாளாம்.

"பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட இந்தப் பாவத்தைச் சொல்லிப்போட்டேனுங்க. அவரு உங்ககிட்ட நேர்ல சொல்லோணும்னாரு. சொல்றேன்னுதான் வந்தேன். ரெண்டு வருசமாச்சுங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் பெயரை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டவள் என் எதிரில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கோபம் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிட்டது. கேன்டீனில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். ஒரு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிப்போனது. அவள் நல்லவள் இல்லை. என்னைப்போல ஒருத்தி. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவளை எனக்குப் பிடித்தது.

அவள் சிரிக்கவில்லை. தாளை என் பக்கம் தள்ளி, வரிய எடுத்துப்போடுவீங்கல்ல என்று மறுபடியும் கேட்டாள். அவளைப் பிடித்துப்போனது வேறு, அவள் எடுத்துக்கொண்ட என் பெயர் வேறு. நான் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எடுக்க மாட்டனுங்க்கா என்றேன். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து, மிச்சமிருந்த வறுத்த மீனில் ஒரு துண்டை என் தட்டில் வைத்தாள்.

வரி அச்சில் அப்படியே இருக்கிறது. அந்தோணிராஜ் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு, வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாராம். தினமும் காலையில் ஜெபம் சொல்லும்போது அந்த வரி கண்ணெதிரில் நிற்கிறதாம், அதைப் படிக்காமல் ஜெபத்தை முடிக்க முடியவில்லையாம், அவளே வந்து சொன்னாள். அந்த வரிக்கு நேர் கீழே, எழுதியவர் என்று போட்டு, லோகப்பிரியா என்று இருக்கிறது. நன்றி சொல்லும் இடத்தில் இல்லாமல், எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் அச்சானது அதுதான் முதல் தடவை.